புதுப் பல், பழைய பேச்சு

(சித்தூர்ப் பக்கத்து எழுத்தறிவு மையம் ஒன்றில் தொண்டர் ஒருவர் பேசியது)



என்னை உங்களுக்குத் தெரியும். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஆனாலும் இன்று வாயைப் பற்றியும் பல்லைப் பற்றியும் பேசப் போகிறேன். ஏன் என்று முதலில் சொல்லி விடுகிறேன்.

போன வாரம் எல்லோரும் வரிசையாகப் பாடம் படித்தீர்கள். ஒரு தாத்தா மட்டும் படிக்கவில்லை. "தொண்டை சரியில்லை" என்றார். மறுநாளும் தொண்டை சரியில்லை. மூன்றாம் நாள் வகுப்பு முடிந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பல் செட் போட்டுப் பத்து நாள் ஆகுதும்மா. பேசினா விசில் மாதிரி சத்தம் வருது. பசங்க சிரிப்பாங்க. நான் இனிமே பின்னால உக்காந்து கேட்டுக்கிறேன்" என்றார்.

இந்தத் தாத்தா இந்த வயதில் அ, ஆ கற்றுக்கொண்டவர். ரேஷன் கடைப் பலகையைத் தானே படித்தவர். அவர் பின்னால் போய் உட்காரலாமா? கூடாது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். இங்கே இன்னும் சிலருக்குப் பல் ஆடுகிறது. சிலருக்குப் பாதிப் பல் போய்விட்டது. நாளைக்கு உங்களுக்கும் இது தேவைப்படும்.

எங்கள் அவ்வாவின் கதை

பாட்டியை எங்கள் வீட்டில் அவ்வா என்று கூப்பிடுவோம். அவ்வா பள்ளிக்கூடம் போனதில்லை. 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்திலும் இராப் பள்ளிகள் நடந்தன. அவ்வா அங்கேதான் எழுத்துக் கற்றார். லாந்தர் வெளிச்சத்தில் எழுதிய சிலேட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்ற ஊரில் படிக்க வந்த பெண்கள் சாராயத்தை எதிர்த்துப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. பிறகு பெண்களின் சேமிப்புச் சங்கங்கள் பெருகின. டுவாக்ரா சங்கம் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். எழுத்துக் கற்றதோடு பெண்கள் நிற்கவில்லை. வாயையும் திறந்தார்கள்.

எங்கள் தெருச் சங்கத்தில் கணக்கைச் சத்தமாகப் படித்துச் சொல்கிற வேலை அவ்வாவுக்கு. யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று அவர் படிப்பார். மற்றவர்கள் கேட்டுத் தலையாட்டுவார்கள். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான் நடந்தது.

பிறகு அவ்வாவுக்குப் பல் ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் ஐந்து பல் மிஞ்சியது. அதுவும் ஆடியது. திருப்பதியில் ஒரு பல் மருத்துவமனையில் அவற்றை எடுத்தார்கள். ஈறு ஆறுவதற்குச் சில மாதம் விட்டார்கள். பிறகு நாலைந்து தடவை வரச் சொன்னார்கள். போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் நான்தான் கூடப் போனேன். மேல் வாய்க்கு ஒன்று, கீழ் வாய்க்கு ஒன்று என்று முழு செட்.

மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தபோது அவ்வாவுக்குச் சந்தோஷம். ஒட்டிப் போன கன்னம் நிமிர்ந்துவிட்டது. "பத்து வயசு குறைஞ்சு போச்சு" என்று நான் சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் பஸ் ஏறும் வரைக்கும்தான். கண்டக்டர் "எங்கே?" என்று கேட்டார். அவ்வா "சித்தூர்" என்றார். அது சித்தூராக வரவில்லை. சத்தம் வழுக்கிக்கொண்டு, காற்றோடு வந்தது. கண்டக்டர் "எந்த ஊரு?" என்று மறுபடி கேட்டார். அவ்வா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான்தான் "ரெண்டு சித்தூர்" என்று சொல்லி டிக்கெட் வாங்கினேன். பிறந்த ஊரின் பெயரைச் சொல்ல முடியவில்லையே என்று வழியெல்லாம் அவ்வா பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில் கணக்குப் படித்தார். நாலு வரி படிப்பதற்குள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் டக் டக் என்று இடித்தன. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வாசலில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். "அக்கா, கழற்றி வெச்சுட்டுப் படிங்க" என்று ஒருத்தி அன்பாகத்தான் சொன்னார். அவ்வா நோட்டை மூடிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பல் செட்டை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அதற்கு அடுத்த கூட்டத்தில் வேறொருவர் கணக்குப் படித்தார். புதிதாகப் படிப்பவர். ஒரு வரியை விட்டுவிட்டார். அந்த வரியில் இருந்தது, கணவனை இழந்த ஒரு பெண் கட்டிய 600 ரூபாய். கட்டவில்லை என்று ஆகிவிட்டது. அந்தப் பெண்ணும் அன்று வரவில்லை. அவள் பணம் கட்டியது அவ்வாவுக்குத் தெரியும். போன மாதம் வாங்கி எண்ணியவரே அவ்வாதான். ஆனால் அன்று அவ்வா வாய் திறக்கவில்லை. பேசினால் சிரிப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அன்று இரவு அவ்வா தூங்கவில்லை. விடியற்காலையில் என்னை எழுப்பினார். "பல்லு போனப்பகூட நான் பேசினேன். பல்லு வந்த பிறகு ஊமை ஆயிட்டேன். ஒருத்தி பணம் போச்சு. எனக்குப் பேச வரணும். என்ன செய்யறது, சொல்லு" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. மறுபடியும் திருப்பதிக்குப் பஸ் ஏறினோம்.

எழுத்து எங்கே பிறக்கிறது?

அங்கே டாக்டரம்மா சொன்னதைச் சொல்வதற்கு முன்னால், நாம் எல்லோரும் ஒன்று செய்வோம். நீங்களும் சொல்லுங்கள்.

"ப" சொல்லுங்கள். "ம" சொல்லுங்கள். எது அசைந்தது? இரண்டு உதடும் சேர்ந்தன.

"க" சொல்லுங்கள். நாக்கின் பின்பக்கம் மேலே போனது. பல்லுக்கு வேலை இல்லை.

"த" சொல்லுங்கள். "ந" சொல்லுங்கள். நாக்கு நுனி எங்கே தொட்டது? மேல் முன்பல்லின் பின்பக்கத்தை.

"ல" சொல்லுங்கள். நாக்கு நுனி பல்லுக்குக் கொஞ்சம் பின்னால், ஈறு மேட்டில் தொடும்.

"ட" சொல்லுங்கள். "ள" சொல்லுங்கள். நாக்கு வளைந்து மேல் அண்ணத்தைத் தொடும். "ழ" சொல்லுங்கள். நாக்கு வளையும். ஆனால் தொடாமல் நிற்கும்.

"வ" சொல்லுங்கள். கீழ் உதடு மேல் பல் பக்கம் போகும்.

"ச" சொல்லுங்கள். சித்தூர், சந்தை என்று சொல்லுங்கள். நாக்குக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு. அதன் வழியாகக் காற்று வெளியே வருகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. தமிழின் மிகப் பழைய இலக்கண நூல் தொல்காப்பியம். அதில் பிறப்பியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த எழுத்து பல்லில் பிறக்கிறது, எது உதட்டில் பிறக்கிறது, எது அண்ணத்தில் பிறக்கிறது என்று அப்போதே பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. வீட்டில் தமிழ். கடையிலும் ஆபீசிலும் தெலுங்கு. தெலுங்கில் படிப்புக்குச் சதுவு என்கிறோம். போதும் என்பதற்குச் சாலு என்கிறோம். அந்தச் ச தமிழ்ச் ச மாதிரி இல்லை. நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டி, அதன் பிறகு காற்றை விடும். ஆகவே நம் ஊர்க்காரர் நாக்குக்குப் பல்லிடத்தில் வேலை அதிகம்.

பல் செட் வாய்க்குள் என்ன செய்கிறது?

இப்போது டாக்டரம்மா சொன்னதைச் சொல்கிறேன்.

நாக்கு ஐம்பது அறுபது வருடமாக ஒரே வழியில் போய் வந்தது. இருட்டில்கூட நம் வீட்டுக்குள் நடக்கிறோம் இல்லையா, அப்படி. மேல் செட் போட்டால் அண்ணம் முழுவதும் ஒரு தகடு வருகிறது. ஒரு நாணயத்தின் கனம்தான் இருக்கும். ஆனால் நாக்குக்கு அது பெரிய சுவர். பழைய வழியில் போனால் முன்னதாகவே முட்டிக்கொள்கிறது. ச சொல்லும்போது காற்று போகிற இடுக்கும் மாறிவிட்டது. அதனால்தான் விசில்.

எச்சில் ஏன் ஊறுகிறது? வாய்க்குள் ஏதோ வந்திருக்கிறது, இது சாப்பாடு என்று வாய் நினைக்கிறது. சில நாளில் இது சாப்பாடு இல்லை என்று தெரிந்துகொள்ளும். ஊறுவது குறையும். அதுவரை பேசுவதற்கு முன் ஒரு முறை விழுங்கிக்கொள்ள வேண்டும்.

டக் டக் சத்தம் ஏன்? அவசரமாகப் பேசினால் வரும். செட் தளர்வாக இருந்தாலும் வரும். பல் உயரம் கூடுதலாக இருந்தாலும் வரும். முதலில் மெதுவாகப் பேசிப் பார்க்க வேண்டும். அப்படியும் போகவில்லை என்றால் டாக்டர்தான் சரி செய்ய வேண்டும்.

கீழ் செட் ஏன் ஆடுகிறது? மேல் செட் அண்ணம் முழுவதும் படிந்து, எச்சிலின் ஈரத்தில் ஒட்டி நிற்கிறது. இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் தண்ணீர் விட்டால் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அது மாதிரி. கீழே அவ்வளவு இடம் இல்லை. நடுவில் நாக்கு இருக்கிறது. ஈறின் மேல் ஒரு வளையம் மாதிரி செட் உட்கார்ந்திருக்கிறது. அதை இடத்தில் வைப்பது கன்னமும் உதடும் நாக்கும்தான். அவை பழக வேண்டும்.

"புது மருமக வந்த வீடு மாதிரி. நாலு நாளைக்கு யாருக்கும் எங்க நிக்கறதுன்னு தெரியாது" என்றார் அவ்வா. டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

நாங்கள் செய்த தவறு

தவறு என் பேரிலும் இருக்கிறது. "வெளியே போகும்போது மட்டும் மாட்டிக்கோ அவ்வா" என்று நான்தான் சொல்லியிருந்தேன். நல்லதென்று நினைத்தேன். அது தவறு. வீட்டில் பழகாததை வெளியே போய் எப்படிப் பேசுவது?

"அம்மா, இது செருப்பு இல்லை. வாசலில் மாட்டி வாசலில் கழற்ற முடியாது. பகல் முழுக்க வாயில் இருக்கட்டும். இரவில் மட்டும் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். அப்போதுதான் ஈறுக்கும் ஓய்வு" என்றார் டாக்டரம்மா.

இன்னொரு தவறு அவ்வா பேரில். கீழ் செட் ஒரு பக்கம் ஈறைக் குத்தியது. அதை அவ்வா யாரிடமும் சொல்லவில்லை. குத்துகிற பக்கம் படாமல் இருக்க, வாயைக் கோணிக்கொண்டு பேசினார். வாய் கோணினால் பேச்சும் கோணும். டாக்டரம்மா ஈறில் சிவந்த இடத்தைப் பார்த்து, செட்டில் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. அதற்காக அவ்வா ஒன்றரை மாதம் கஷ்டப்பட்டார்.

குத்தினால் டாக்டரிடம் போங்கள். நீங்களாக அரம், உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். ஒரு தடவை கூடத் தேய்த்துவிட்டால் செட் பாழாகிவிடும். போவதற்கு முதல் நாள் செட்டை மாட்டிக்கொண்டு இருங்கள். அப்போதுதான் எங்கே குத்துகிறது என்பது ஈறில் தெரியும்.

நாங்கள் செய்த பயிற்சி

நம் பக்கத்தில் கை கால் உடைந்தால் புத்தூர்க் கட்டு போடுவார்கள். கட்டைப் பிரித்த அன்றைக்கே குடம் தூக்க முடியுமா? முடியாது. மெல்ல மடக்கி, மெல்ல நீட்டிப் பழக வேண்டும். நாக்கும் அப்படித்தான்.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டோம். அவ்வா, நான், ஒரு கண்ணாடி, ஒரு புத்தகம்.

1. பேசுவதற்கு முன் பல்லை மெதுவாகக் கடித்து ஒரு முறை விழுங்குவார். அப்போது செட் தன் இடத்தில் போய் உட்காரும்.

2. ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பிறகு எழுபதிலிருந்து எண்பது வரை எண்ணுவார். எழுபத்தேழு சொல்லிப் பாருங்கள். அதில் இரண்டு ழ, ஒரு த்த. நாக்குக்கு நல்ல வேலை.

3. கஷ்டமான வார்த்தையைத் தனியாக எடுத்து, துண்டு துண்டாகச் சொல்வார். சித் - தூர். சந் - தை. வா - ழைப் - ப - ழம். பிறகு சேர்த்துச் சொல்வார்.

4. விசில் வந்தால் நிறுத்துவார். நாக்கு நுனியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி சொல்வார். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை நான் சொல்ல முடியாது. அவரவர் நாக்குதான் கண்டுபிடிக்க வேண்டும்.

5. பிறகு புத்தகம். ஒரு பக்கம் சத்தமாக, மெதுவாகப் படிப்பார்.

இந்த ஐந்தாவதுதான் பெரிய மருந்து. சாதாரணமாகப் பேசும்போது வராத வார்த்தையை விட்டுவிட்டு வேறு வார்த்தை போட்டுத் தப்பித்துக்கொள்வோம். சந்தை வரவில்லை என்றால் கடை என்போம். புத்தகத்தில் தப்ப முடியாது. எழுதியிருப்பதைப் படித்தே ஆக வேண்டும். எல்லா எழுத்தும் வரும். எழுத்துத் தெரிந்தவருக்கு இந்த மருந்து வீட்டிலேயே இருக்கிறது. செலவு இல்லை.

முதல் வாரம் கஷ்டம். இரண்டாம் வாரம் அடுப்பங்கரையில் பேசினார். மூன்றாம் வாரம் பால்காரரோடு சண்டை போட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வாவின் பேச்சு திரும்பிவிட்டது என்று.

எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. பலருக்குச் சில வாரத்தில் பேச்சு தெளிவாகிவிடும். மென்று சாப்பிடுவதற்கு இன்னும் கூட நாள் ஆகும். முதலில் களி, குழைந்த சோறு, பருப்பு. வேர்க்கடலைக்கு அவசரம் வேண்டாம். நாக்கு ஒரு நேரத்தில் ஒரு பாடம்தான் படிக்கும்.

பெரிய மனிதர்களும் பல்லும்

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1789-ல் பதவி ஏற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றுதான் இருந்தது. அவர் பல் செட் மரத்தில் செய்தது என்று கதை சொல்வார்கள். அது சரியில்லை. நீர்யானைத் தந்தம், மனிதப் பல், உலோகம் எல்லாம் சேர்த்துச் செய்தது. உதட்டைத் துருத்திக்கொண்டு வருகிறது என்று பல் வைத்தியருக்கு அவர் கடிதம் எழுதினார். பெரிய பதவியில் இருந்தவருக்கும் இதே தொல்லைதான்.

இங்கிலாந்தின் பிரதமர் சர்ச்சில். அவருக்கு இளம் வயதிலிருந்தே ஸ என்ற ஒலி சரியாக வராது. அந்தக் குரலையே நாடு முழுவதும் வானொலியில் கேட்டார்கள். அவருக்கு மேல் வாயில் பல் செட் உண்டு. அவருடைய பேச்சு மாறிவிடாதபடி அதைச் செய்தார்கள். பேச்சில் குறை இருந்தால் என்ன? அவர் பேசாமல் இருக்கவில்லை.

நம் காந்தித் தாத்தாவின் படத்தைப் பாருங்கள். பொக்கை வாய்ச் சிரிப்பு. அந்த வாய் பேசியதை நாடே கேட்டது.

வாஷிங்டன் காலத்துப் பல் செட்டை விட இன்றைய செட் எவ்வளவோ மேல். 1930-களின் கடைசியில் அக்ரிலிக் என்ற பொருள் வந்தது. ஈறின் நிறம், குறைந்த எடை. இன்று நாம் போடுகிற சாதாரண செட் பெரும்பாலும் அதுதான்.

கூட்டத்து நாள்

அடுத்த கூட்டம் வந்தது. அவ்வா பல் செட்டோடு போனார். நான் வாசலில் நின்றேன். உட்காரும்போதே கை நீட்டி நோட்டை வாங்கினார். கடித்தார். விழுங்கினார். மெதுவாகப் படித்தார்.

நாலாவது வரியில் ஒரு விசில் வந்தது. பிள்ளைகள் சிரிப்பதற்கு முன்னால் அவ்வாவே சிரித்துவிட்டார். "பல்லு புதுசு. அதுக்கும் கணக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கூர்மை இல்லை. அந்த வரியை அவ்வா மறுபடி படித்தார்.

பிறகு போன கூட்டத்தில் விட்டுப்போன வரியைப் படித்தார். பெயர், தேதி, 600 ரூபாய். "இது விட்டுப் போச்சு. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. என் தப்பு" என்றார். அந்தப் பெண் எழுந்து நின்று கும்பிட்டாள். கணக்குச் சரி செய்யப்பட்டது.

இப்போதும் அவ்வா வேகமாகப் பேசினால் சில நேரம் ஒரு விசில் வரும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேட்பவர்களுக்கு நாலு வார்த்தை

பேசுகிறவர் மட்டும் பழகினால் போதாது. கேட்கிற நாமும் பழக வேண்டும்.

சிரிக்காதீர்கள். அவர் பாதி சொல்லும்போது மீதியை நீங்கள் சொல்லாதீர்கள். பஸ்ஸில் நான் செய்தது அதுதான். உதவி என்று நினைத்தேன். அவ்வாவுக்கு அது பூட்டாக ஆகிவிட்டது. புரியவில்லை என்றால், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று மெதுவாகக் கேளுங்கள். "கழற்றி வெச்சுட்டுப் பேசுங்க" என்று சொல்லாதீர்கள். பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதை படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் கதை. தாத்தாவுக்கும் பயிற்சி.

பல் செட் வாங்கப் போகிறவர்களுக்கு

ரோட்டோரத்தில் பல் கட்டுகிறவரிடம் போகாதீர்கள். வேரை எடுக்காமல் மேலே ஒட்டிவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும். படித்த பல் டாக்டரிடம் போங்கள். திருப்பதியில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இப்படிப்பட்ட கல்லூரிகளில் செலவு குறைவு என்று விசாரித்துப் பார்க்கலாம்.

முதலில் மெழுகில் பல் வைத்துக் காட்டுவார்கள். வெட்கப்படாமல் அப்போதே வாய் திறந்து பேசிப் பாருங்கள். உங்கள் பெயர், ஊர்ப் பெயர் சொல்லுங்கள். தெலுங்கும் பேசுங்கள், தமிழும் பேசுங்கள். மெழுகில் இருக்கும்போது பல்லை முன்னே பின்னே நகர்த்தலாம். செட் முடிந்த பிறகு கஷ்டம்.

செட்டைக் கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். கை தவறினாலும் உடையாது. மெதுவான பிரஷ்ஷும் சோப்பும் போதும். சாம்பல், செங்கல் பொடி, பல்பொடி வேண்டாம். கீறல் விழும். வெந்நீர் வேண்டாம். வடிவம் மாறிவிடும்.

பல் எடுத்த பிறகு தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். முதல் வருடத்தில் அதிகம் தேயும். அதனால் நன்றாக இருந்த செட் பிறகு தளரலாம். உள்பக்கம் பூசி இறுக்கித் தருவார்கள். வாயில் புண் வந்து இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலை போடுகிறவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப் போட வேண்டாம்.

முதியோருக்காக ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம் 2017 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. தொடங்கிய இடம் நம் பக்கத்து நெல்லூர். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 60 வயது தாண்டியவர்களுக்காக ஏற்படுத்தியது. ஊன்றுகோல், கண்ணாடி, காது மிஷின், சக்கர நாற்காலி ஆகியவற்றோடு பல் செட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் பக்கம் முகாம் எப்போது என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். மனு எழுத வேண்டுமா? இப்போது உங்களுக்கே எழுதத் தெரியும்.

முடிவாக ஒரு வார்த்தை. எழுத்தைக் கண்ணால் கற்றோம், கையால் எழுதினோம். அதை வாயால் சொன்னால்தான் நாலு பேருக்குப் பயன். நமக்குத் தெரிந்த நியாயத்தை, பல் இடிக்கிறது என்பதற்காக விழுங்கிவிடக் கூடாது.

தாத்தா, நாளைக்கு முதல் பாடம் நீங்கள் படிக்க வேண்டும். மெதுவாகப் படியுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.



சத்தமாகப் படியுங்கள்

சித்தூர். திருப்பதி. சந்திரகிரி. புத்தூர். நகரி. காணிப்பாக்கம்.

தாத்தா சந்தையில் வாழைப்பழம் வாங்கினார்.

எழுபத்தேழு ரூபாய் கொடுத்தார். மீதி வாங்கினார்.

அவர் கணக்கைத் தானே சொன்னார்.

பேசிப் பாருங்கள்

1. அவ்வா ஏன் கூட்டத்தில் பேசாமல் இருந்தார்? அதனால் யாருக்கு நஷ்டம்?

2. "த" சொல்லும்போது நாக்கு எங்கே தொடுகிறது?

3. பஸ்ஸில் பேத்தி செய்தது உதவியா? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

4. உங்கள் தெருவில் பேசக் கூச்சப்பட்டு ஒதுங்கி இருப்பவர் யாராவது உண்டா? அவரை எப்படிக் கூட்டி வருவீர்கள்?